எழுதாப் பாடம்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர் நம்மவர். தான் இன்னான் என்று உணர்வதும், பிறரிடம் இன்னவாறு ஒழுகவேண்டும் என்று அறிவதும் பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடுவன என்பது இதன் கருத்தாயின், யாழ்ப்பாணத்தின் நூறாண்டு வரலாறு அதனை ஒப்பவில்லை என்பேன்.

முதற் பாடம் வீட்டிலேதான் என்பதில் ஐயமில்லை. முன்னாளில் நம் நாற்சார வீடுகளில் ஒருவருக்கு மூக்குப்பேணியிலும் இன்னொருவருக்குச் சிரட்டையிலும் தண்ணீர் வார்க்கப்பட்டது. எவருக்கு எது என்று தாய் மகளுக்கு விளக்கியதில்லை. மகள் கண்டாள், கற்றாள். எவர் கிணற்றில் அள்ளலாம், எவர் பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்கவேண்டும், முதியவரேயாயினும் எவரை ‘நீ’ என்று அழைக்கலாம் என்பனவெல்லாம் இவ்வாறே வந்தன. சிரட்டையிற் குடித்த பிள்ளையும் அதே வேளையில் தன்னைப்பற்றி ஒரு பாடம் கற்றது. அதனை நாம் நினைப்பது அரிது.

பள்ளிக்கூடமும் அவ்வழியே சென்றது. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் வாங்கில் இடமின்றித் தரையில் இருத்தப்பட்ட காலம் உண்டு. அறிவு எல்லோர்க்கும் பொது என்று ஆசிரியர் வாய் கற்பித்தது. இல்லை என்று இருக்கை கற்பித்தது. இரண்டில் நெஞ்சில் நின்றது எது என்று சொல்லவும் வேண்டுமோ? 1929ஆம் ஆண்டளவில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமாசனம் அளிக்கவேண்டும் என்று அரசினர் பணித்தபோது எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்குக்காகவா இத்துணைச் சினம்? வாங்கு மாறினாற் பாடம் மாறிவிடும் என்பதை எரித்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கல்வியின் இயல்பை ஆசிரியராகிய நம்மிற் பலரினும் அவர்களே தெளிவாக உணர்ந்தார்கள் போலும்!

எனினும் வளர்ந்தவரும் வளைந்தனர். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபோசனம் நடத்தியது. அப்பந்தியில் அமர்ந்தோர் வீட்டிற் கற்றதை மறக்கத் துணிந்த இளைஞரும் ஆசிரியருமாவர். அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹண்டி பேரின்பநாயகம் பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். 1957இற் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியே நேர்ந்தது. 1995இல் வலிகாமம் வெறுமையாகி, மக்கள் தென்மராட்சிப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒதுங்கியபோதோ, எந்தச் சட்டமும் கற்பிக்காததைத் தாகம் பலருக்குக் கற்பித்தது.

இன்று பழைய மாணவர் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைக்கவும், உண்ட கோப்பையைத் தாமே கழுவவும் நடுவயதுக்குமேற் கற்றவர் அவர்கள். ஆனால் கலியாணப் பேச்சு எழுந்ததும், “ஊரில் எந்தப் பக்கம்?” என்ற பழைய வினா பிறந்துவிடுகின்றது. தமிழ் எழுத்தும் அறியாத பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்கின்றது. வினாவின் உட்பொருளை மெல்ல விளங்கிக்கொள்கின்றது. அதனைக் கேட்பவரோ பெரும்பாலும் நம் கல்லூரி வாங்குகளில் ஒன்றாய் இருந்து படித்தவர்களே.