செம்பின் தடிமனா, பாதையின் அகலமா?

"டூ அவுன்ஸ் காப்பர்" என்று மதர்போர்டு அட்டைப்பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். கிகாபைட் நிறுவனம் 2008-ல் அல்ட்ரா ட்யூரபிள் 3 என்ற பெயரில் இதைப் பெரிதாக விளம்பரப்படுத்தியது. செம்பு இரண்டு மடங்கு என்றால் ஆயுளும் இரண்டு மடங்கு என்று, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் நம்பிவிடுகிறார்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம் என்பது என் கட்சி.

லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போயிருந்தேன். ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறுபக்கம் கடல். மீன்பிடித் தொழில் செய்யும் நண்பர், அடாப்டருடன் கூடிய யுஎஸ்பி ஹப் ஒன்றை நீட்டி, "அண்ணே, இதுல போட்டா போன் சார்ஜே ஏற மாட்டேங்குது" என்றார். கடலுக்குப் போகும்போது அந்த போன்தான் அவருக்கு எல்லாம்.

திறந்து பார்த்தேன். கரண்ட் போகும் ட்ரேஸ், அதாவது போர்டில் உள்ள செம்புப் பாதை, அரை மில்லிமீட்டர் அகலம். அதன் மேல் பச்சைக் களிம்பு. செம்புக் குடத்தில் பிடிக்குமே, அதேதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு அவுன்ஸ் செம்பை ஒரு சதுர அடியில் பரப்பினால் சுமார் 35 மைக்ரான் தடிமன் வரும். சாதாரண போர்டுகளில் இருப்பது இதுதான். இந்தத் தடிமனில் அரை மி.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள பாதையின் மின்தடை சுமார் 0.1 ஓம். 2 ஆம்பியர் போனால் 0.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். திரும்பும் பாதையும் அப்படியே இருந்தால் 5 வோல்ட் 4.6 ஆகிவிடும். ஐபிசி-2221 என்ற தர விதியின் கணக்குப்படி, வெளி அடுக்கில் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் ஏறாமலிருக்க 1 ஆம்பியருக்கு 0.3 மி.மீ., 2 ஆம்பியருக்கு 0.8 மி.மீ., 5 ஆம்பியருக்கு 2.8 மி.மீ. அகலம் வேண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் அகலம் இரண்டு மடங்கு போதாது என்பதைக் கவனியுங்கள்.

அரை மி.மீ. பாதை 2 ஆம்பியரில் 20 டிகிரி போல சூடேறும், அவ்வளவுதான். கருகாது. இங்கே எதிரி உப்பு. உப்புப் படிவு காற்றின் ஈரத்தை இழுக்கும். மேல்பூச்சில் கீறல் இருந்தால் ஓரத்திலிருந்து செம்பை அரிக்கும். இரு ஓரமும் 0.2 மி.மீ. போனால் அரை மி.மீ. பாதையில் மிச்சம் 0.1 தான். 2 மி.மீ. பாதையில் 1.6 மிஞ்சும். 70 மைக்ரான் தடிமன் அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

அதனால் கடலோர வீட்டுக்கு என் வரிசை: முதலில் போர்டின் மேல் பாதுகாப்புப் பூச்சு, அடுத்து அகலம், கடைசியில்தான் தடிமன். தயாரிப்பாளர்கள் அட்டைப்பெட்டியில் அவுன்ஸைப் போடுகிறார்கள், பூச்சு உண்டா இல்லையா என்பதைப் போடுவதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

களிம்பு என்றதும் புளியை எடுத்துவிடாதீர்கள்! அமிலம் தங்கி இன்னும் அரிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, அரித்த பாதை நெடுக ஒரு செம்புக் கம்பியை சால்டர் செய்து, மேலே பூச்சு அடித்துக் கொடுத்தேன். போன் இப்போது சார்ஜ் ஏறுகிறது. அடாப்டரை மட்டும் நான் திறக்கவில்லை. உள்ளே மெயின்ஸ் மின்சாரம் இருக்கிறது, நீங்களும் திறக்காதீர்கள்.