அவுட்புட் வந்தால் போதுமா?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஐடியில் இருக்கும் பிள்ளைகள் "டீச்சருக்கு இதெல்லாம் எதுக்கு" என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

நான்காம் வகுப்பில் வகுத்தல் கணக்கு முடிந்ததும் கீழே 'சரிபார்த்தல்' எழுதச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வர வேண்டும். அதை எழுதாதவர்களுக்கு விடை சரியாக இருந்தாலும் அரை மதிப்பெண் குறைப்பேன். அதற்காக என் மேல் கோபப்பட்டவர்கள் இந்தப் பக்கத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நான் செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன். கல்லூரி கம்ப்யூட்டர் லேபிலும் அதையே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அண்ணன் பேத்தி பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து நானும் பைத்தான் கற்றுக்கொண்டேன். அவள் ரெக்கார்டு நோட்டில் ஒரு புரோகிராம்: இரண்டு தேர்வுகளின் சராசரியை முழு எண்ணாக்கி, 35 வந்தால் தேர்ச்சி என்று காட்ட வேண்டும். 60, 70 கொடுத்துப் பார்த்தாள், 65, தேர்ச்சி. "ஓடுது பாட்டி, அவுட்புட் வந்துடுச்சு" என்றாள். லேபில் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பைத்தானில் 'அசெர்ட்' என்று ஒரு சொல் உண்டு. அதற்குப் பின்னால் நாம் எதிர்பார்ப்பதை எழுத வேண்டும். அது உண்மையானால் பைத்தான் வாயே திறக்காது. பொய்யானால் 'அசெர்ஷன் எரர்' என்று அந்த இடத்திலேயே நின்றுவிடும். நாங்கள் எழுதியது: அசெர்ட் ரவுண்ட்(34.5) == 35.

நின்றுவிட்டது!

பைத்தான் 3இல் ரவுண்ட் என்பது, சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். 35.5 என்றால் 36 தரும், 34.5 என்றால் 34தான். எக்செலில் அதே 34.5 போட்டால் 35 வரும். பைத்தான் செய்வது பிழையல்ல, அது ஒரு முறை. ஆனால் நம் பள்ளிகளில் அரை வந்தால் மேலே ஏற்றுவதுதான் பழக்கம். 34, 35 வாங்கிய பிள்ளை எக்செலில் பாஸ், பேத்தியின் புரோகிராமில் ஃபெயில். 60, 70 கொடுத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. சராசரியோடு 0.5 கூட்டி, தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை எடுக்கும்படி மாற்றியதும் அந்த வரி சத்தமில்லாமல் கடந்து போனது.

இது புதிய யோசனையும் இல்லை. 1949இல் கேம்பிரிட்ஜில் ஆலன் டூரிங் ஒரு கட்டுரை வாசித்தார். பெரிய நிரலைச் சரிபார்ப்பது எப்படி என்பதுதான் பொருள். அதற்கு அவர் எடுத்த உதாரணம் நம் கூட்டல் கணக்கு! மேலே ஏற்றும் எண்களையும் எழுதி வைத்தால், பார்ப்பவர் ஒவ்வொரு வரிசையாகத் தனித்தனியே சரிபார்த்துவிடலாம். நிரல் எழுதுபவரும் அப்படி இடையிடையே உறுதிமொழிகளை எழுதி வைக்க வேண்டும் என்றார். படித்ததும் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். எதிர்பார்க்கும் விடையை நம் கையால் கணக்குப் போட்டு எழுத வேண்டும். ஓட்டிப் பார்த்து, வந்ததை அப்படியே அசெர்ட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவது பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுவது மாதிரி. எந்த எண்ணைக் கொடுப்பது என்பதும் வினாத்தாள் எடுக்கும் வேலைதான். 0, 100, 34.4, 34.5, ஆப்சென்ட் ஆன பிள்ளை. லீப் வருடம் என்றால் 2024 மட்டும் போதாது, 1900ஐயும் 2000ஐயும் கேட்க வேண்டும். 4ஆல் மட்டும் வகுத்துப் பார்த்தவன் 1900இல் மாட்டுவான்.

பிள்ளைகள் விழும் குழி ஒன்று உண்டு. நிபந்தனையையும் அதன் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குள் போட்டுவிட்டால், பைத்தான் அதை இரண்டு பொருள் உள்ள பொட்டலமாக எடுத்துக்கொண்டு எப்போதும் உண்மை என்றே சொல்லும். ஒரு எச்சரிக்கை காட்டும், அதை யார் படிக்கிறார்கள்? இன்னொன்று, பைத்தானை 'மைனஸ் ஓ' போட்டு ஓட்டினால் அசெர்ட் வரிகள் எல்லாம் காணாமல் போய்விடும். ஆகவே பயனர் தட்டும் மதிப்பெண் 100க்கு மேல் போகிறதா என்று பார்க்கும் காவல் வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது. அதற்கு 'இஃப்' போதும்.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை டீச்சர்" என்பீர்கள். ஐந்து வரிகள்தானே? கல்லூரியில் பாடம் நடத்தும் நம் பிள்ளைகளைத்தான் கேட்கிறேன்: லேப் தேர்வில் 10க்கு 3 மதிப்பெண்ணை அவுட்புட்டுக்குக் கொடுக்காமல் மாணவர் எழுதிய அசெர்ட் வரிகளுக்குக் கொடுத்தால் என்ன? பைடெஸ்ட் போன்றவற்றை லேப் கணினியில் ஏற்ற அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அசெர்ட் பைத்தானோடே வருகிறது. அடுத்த செமஸ்டரில் ஒரு வகுப்பிலாவது செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.