படையணிக்குப் பெயரிட்டவன் எவன்?

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிக் குன்னூரைக் கடந்ததும் படைவீடு ஒன்று தோன்றும். அவ்விடத்தின் பழம்பெயர் செகதளா. நீலமலை கோவை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த 1860இல் ஆங்கிலேயர் அதனை வெல்லிங்டன் ஆக்கினர். 1803இல் அசாயே களத்தில் மராட்டியரை வென்ற ஆர்தர் வெல்லசுலியே பின்னாளைய வெல்லிங்டன் கோமகன். அக்களத்தில் குருதி சிந்தியோர் தென்னாட்டுப் படைஞர். ஊருக்குப் பெயரானவனோ அவன்! படைஞர்க்கு ஒரு யானைப்பொறி கிடைத்தது. அப்பொறியைத் தாங்கி அவ்வூரிலேயே இன்றும் பயிற்சி பெறுகிறது மதராசுப் படையணி.

மாநிலம் 1969இல் தமிழ்நாடாயிற்று. தலைநகர் 1996இல் சென்னையாயிற்று. படையணி மட்டும் மதராசாகவே நிற்கிறது. கேட்டால், பழமரபு, தொடலாகாது என்பார் உளர். எது மரபு?

1758இல் இசுட்டிரிங்கர் இலாரன்சு சிதறிக் கிடந்த கூலிப்படைக் குழுக்களைத் திரட்டிப் பட்டாளங்களாக்கினான். (பட்டாளம் என்பதும் பிறமொழி தந்த சொல்லே, அஃது இருக்கட்டும்.) அவை முதலில் கடற்கரைப் படைஞர் எனப்பட்டன, 1770 அளவில் கருநாடகப் பட்டாளங்களாயின, 1784இல் மதராசுப் பட்டாளங்களாயின. 1903இல் கிச்சனர் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டிப் புதிய எண் கொடுத்தான். 1922இல் எஞ்சியவை மூன்றாம் மதராசுப் படையணி ஆக்கப்பட்டன; உலகப்போருக்குப் பின் 'மூன்றாம்' என்பதும் போயிற்று. வெள்ளையன் விரும்பிய போதெல்லாம் மாறிய பெயர், தமிழன் கேட்கும்போது மட்டும் மாறாத மரபாகிவிடுமோ?

பெயர் மட்டுமோ? இருப்பும் அவன் கணக்குப்படியே. ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்த தீரன் சின்னமலையைக் குழுமத்தார் 1805இல் சங்ககிரியில் தூக்கிலிட்டனர். மறு ஆண்டே, 1806 சூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் குழுமத்தின் தென்னாட்டுப் படைஞரே கிளர்ந்தெழுந்தனர்; அப்பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. 1857இல் தென்படை கிளர்ந்தெழவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவனாயிருந்த இராபர்ட்சு, தென்னாட்டார் போருக்கு உதவார் என்றான். போர்க்குலம், போரல்லாக் குலம் என்று பிறப்பால் மக்களைப் பிரித்தனர். நால்வருணம் ஆங்கில உடை பூண்டு வந்ததன்றி இது வேறென்ன? வட எல்லையில் உருசியரை அஞ்சிய வெள்ளையனுக்குப் பஞ்சாபின் ஆட்கள் வேண்டியிருந்தனர். தெற்கிலோ போர்கள் முடிந்திருந்தன. உண்மை அவ்வளவே. 1928க்குள் படையணியின் நிலைப்பட்டாளங்கள் அனைத்தும் கலைக்கப்பட்டன. அதே தமிழர் பாலம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் மதராசுச் சாப்பர் படையில் மட்டும் தகுதியுடையவராயிருந்தனர்! இரண்டாம் உலகப்போர் கழுத்தை நெரித்ததும் தென்னாட்டார்க்குத் திடீரென்று போர்க்குணம் வந்துவிட்டது. பட்டாளங்கள் மீண்டும் எழுப்பப்பட்டு, பர்மாக் களத்திற்கும் சென்றன.

வெள்ளையன் வெளியேறிய பின்பேனும் நிலை திருந்திற்றா? திருவிதாங்கூர், கொச்சிப் படைகளும் இதில் இணைந்தன. குளச்சலில் 1741இல் ஒல்லாந்தரை முறியடித்த மரபும் அவ்வழியே வந்து சேர்ந்தது. தமிழர், மலையாளியர், தெலுங்கர், கன்னடர் ஆகிய நால்வரும் தோளிணைந்து நிற்கும் படையணி இது. இந்நால்வரில் எவர் வீட்டிலும் பேசப்படாத வடமொழியில், கீதைத் தொடர் ஒன்று அதன் குறிக்கோளாக வைக்கப்பட்டுள்ளது!

இப்படையணியைச் சார்ந்த 110ஆம் பகுதிநேரப் பட்டாளம் கோவையில் உள்ளது. அங்கே ஆளெடுப்புக்கு அன்னூரிலிருந்தோ காங்கயத்திலிருந்தோ வரும் உழவன் மகனுக்கு, 'அடி கொல்லு' என்னும் போர்முழக்கத்தை விளக்க ஆசான் வேண்டா. அவன் எதற்காக உயிர்விட வேண்டும் என்பதைச் சொல்லும் தொடரை விளக்கத்தான் வடமொழி கற்றவரைத் தேட வேண்டியுள்ளது.

தென்னாட்டுப் படையணி என்று பெயரிடவும், குறிக்கோளைத் தென்மொழிகளில் பொறிக்கவும் தில்லியின் ஓர் ஆணைத்தாள் போதும். 1784இலும் 1903இலும் அதுதானே போதுமாயிருந்தது!