போத்தலை ஊற்றும் முன் பில்டரைக் கழற்றுங்கள்

பிக்கப் வாகனம் வைத்துத் தொழில் செய்பவரிடம் ஒரு பொருளை விற்பதற்கு இப்போது அதிகம் பேசத் தேவையில்லை. கையடக்கமான ஒரு போத்தலைக் காட்டி, "இதை டீசல் தாங்கிக்குள் ஊற்றுங்கள், லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூட ஓடும், புகை நிற்கும், இழுவை கூடும்" என்று சொன்னால் போதும். டீசல் விலை நெஞ்சை அடைக்கும் காலத்தில் இந்த வார்த்தைக்கு மயங்காத வியாபாரி குறைவு. நானும் மயங்கியவன்தான். மயங்கியதோடு நிற்காமல், அதே போத்தலை எனது கடையில் அடுக்கி வைத்து மற்றவர்களுக்கும் விற்றவன். ஆகவே அதைப் பற்றி எழுதும் கடமை எனக்கு உண்டு.

பேசாலையில் எனக்கு ஒரு சிறிய கடையும், மீனும் கருவாடும் ஏற்றும் ஒரு டீசல் பிக்கப்பும் இருக்கின்றன. 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து, யுத்தம் முடிந்த பின் ஊர் திரும்பித் தொழிலை மீண்டும் அடியிலிருந்து தொடங்கியவர்களுள் நானும் ஒருவன். வீட்டுக்கு அடுத்தபடியாக நான் போட்ட பெரிய முதல் அந்த வாகனம்தான். அது நின்றால் கடையும் நிற்கும்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 26ஆம் திகதி ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் செட் வாசலில் இரவு பகலாக வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூஆர் முறை வந்தது. நானும் கிடைத்த டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பழைய பெரலில் சேர்த்து வைத்தேன். அது முதல் தவறு. சில வாரங்களில் வாகனம் இழுவை குறைந்து, காலையில் வெள்ளைப் புகை கக்கத் தொடங்கியது. மெக்கானிக்கிடம் காட்டாமல் ஒரு போத்தலை வாங்கி ஊற்றினேன். அது இரண்டாவது தவறு.

முதல் இரண்டு நாள் வாகனம் நன்றாக ஓடியது போலத்தான் தெரிந்தது. பத்தாவது நாள், பேலியகொடை சந்தைக்கு மீன் ஏற்றிப் போகையில் முருங்கன் தாண்டி வண்டி நின்றது. வேறு லொறி பிடித்து வருவதற்குள் ஐஸ் கரைந்து மீன் நட்டப்பட்டது. வண்டியைக் கட்டி இழுத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் பில்டரைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் காட்டினார். உள்ளே இருந்தது டீசல் மாதிரி இல்லை, பால் கலந்த தேத்தண்ணீர் மாதிரி இருந்தது. பம்ப்பிலும் நொசலிலும் துரு. "நானா, வண்டிக்கு நோய் தண்ணி. நீங்க குடுத்தது சத்து மருந்து" என்றார் அவர். பம்ப்புக்கும் நொசல்களுக்கும் செலவழித்த காசு எனது இரண்டு மாத இலாபத்தை விழுங்கியது.

நடந்தது இதுதான். நமது ஊர் கடல் சூழ்ந்த ஊர். காற்றில் எப்போதும் ஈரம். பாதி நிரம்பிய பெரல் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் உட்சுவரில் படிந்து நீராகி அடியில் இறங்கும். டீசலை விட நீர் பாரமானது. அது அடியில் தங்கும் வரை பில்டரின் கீழுள்ள திருகைத் திறந்து வெளியேற்றிவிடலாம். நான் ஊற்றிய மருந்தோ நீரை அடியில் தங்க விடாமல் டீசலோடு கலந்துவிடும் வகை. வடிகட்டியில் பிடிபட வேண்டிய நீரை அது பம்ப் வரை அழைத்துச் சென்றுவிட்டது.

அதன் பிறகுதான் போத்தலின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கப் போகும்போதெல்லாம் கேட்டும் பார்த்தும் அறிந்ததை இங்கு சுருக்கமாகத் தருகிறேன். டீசல் எடிட்டிவ் என்று பொதுப் பெயரில் விற்கப்பட்டாலும் இவை ஒரே மருந்து அல்ல.

முதலாவது, சீட்டேன் எண்ணைக் கூட்டுவது. டீசல் எவ்வளவு விரைவாகப் பற்றிக்கொள்கிறது என்பதைக் காட்டும் எண் அது. ஐரோப்பிய நியமத்தில் ஆகக் குறைந்தது 51 இருக்க வேண்டும். தரம் குறைந்த டீசலில் காலை நேரத் தட்டலையும் வெள்ளைப் புகையையும் இது ஓரளவு குறைக்கும். நல்ல டீசலில் பெரிதாக எதுவும் செய்யாது.

இரண்டாவது, நொசலைக் கழுவுவது. நொசல் முனையில் படியும் கரியை இது மெதுவாகக் கரைக்கும். உண்மையில் பயன் உள்ளது இதுதான் என்பது எனது அபிப்பிராயம். ஆனால் தேய்ந்த நொசலை எந்தப் போத்தலும் புதிதாக்காது. ஒவ்வொரு தாங்கிக்கும் ஊற்ற வேண்டியதும் இல்லை. ஒயில் மாற்றும்போது ஒருமுறை போதும்.

மூன்றாவது, மசகுத் தன்மையைக் கூட்டுவது. பழைய பிக்கப்புகள் பலவற்றில் உள்ள ரோட்டரி பம்ப்புக்குத் தனியாக ஒயில் இல்லை. அதற்குள் ஓடும் டீசலே அதற்கு ஒயில். 1990களின் தொடக்கத்தில் சுவீடனில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபோது பம்ப்புகள் தேய்ந்து பழுதாகின. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் மசகுத் தன்மையும் போய்விடுவதே காரணம். அதன் பின் அத்தகைய டீசலில் மசகுச் சேர்மானத்தை விநியோகத்துக்கு முன்பே கலப்பது வழமையாகிவிட்டது.

நான்காவது, நீருக்கானது. இதில் நீரைக் கலக்கும் வகையும் உண்டு, நீரைப் பிரித்து அடியில் இறக்கும் வகையும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. கொமன் ரெயில் வாகனத்தில் எரிபொருள் 1,600 பார் அளவிலும் அதற்கு மேலும் அழுத்தத்தில் பாய்கிறது; நுண்ணிய இன்ஜெக்டருக்குள் நீர் போனால் அதன் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. பிரிக்கும் வகையை வாங்கினாலும் அடியில் இறங்கிய நீரை நீங்கள்தான் திறந்துவிட வேண்டும்.

ஐந்தாவது, கிருமி கொல்லி. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் ஒருவகை நுண்ணுயிர் வளர்ந்து கறுத்த சளி போலப் படியும். நீண்ட காலம் பெரலில் வைத்த டீசலுக்கே இது வேண்டும். செத்த சளி பில்டரை அடைக்கும் என்பதால் பில்டரையும் உடன் மாற்ற வேண்டும்.

ஆறாவது, குளிரில் டீசல் உறையாமல் காப்பது. எனது கடையில் இருந்த போத்தல்களில் ஒன்றில் பனிமலைப் படம் போட்டிருந்தது. அதன் அழகைப் பார்த்து நானும் முன்வரிசையில் வைத்திருந்தேன். மன்னார் தீவில் அது எதற்கு என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை.

நமது பகுதியில் இன்னொரு பழக்கமும் உண்டு. வெளியிணைப்பு இயந்திரப் படகுகளுக்கு மண்ணெண்ணெயும் டூ-டி ஒயிலும் வாங்கி வைப்பதால், சாரதிமார் அவற்றில் கொஞ்சத்தை டீசலிலும் கலந்து பார்ப்பார்கள். 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. டீசலோ 400 ரூபாவைத் தாண்டியிருந்தது. கடற்றொழிலாளிக்கான சலுகை விலைக்கும் டீசல் விலைக்கும் இருந்த அந்த இடைவெளியே கலப்படத்துக்குக் கதவைத் திறந்தது. அம்மாதம் மண்ணெண்ணெய் 340 ரூபாவானபோது படகுக்காரர்கள் பட்ட துன்பம் வேறு கதை. மண்ணெண்ணெய்க்கு மசகுத் தன்மை குறைவு. அதைக் கலந்தால் முதலில் சாவது டீசலையே ஒயிலாகக் கொண்ட பம்ப். பழைய எஞ்சின் சில காலம் பொறுத்துக்கொள்ளும். அதை நம்பிப் புதிய வாகனத்தில் செய்து பார்ப்பது முதலுக்கே மோசம்.

இனி நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். 50 லீற்றருக்கு ஊற்றும் ஒரு போத்தல் 1,200 ரூபா என்றும், டீசல் லீற்றர் 300 ரூபா என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 24 ரூபா கூடுகிறது. அதாவது விலையில் 8 வீதம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனம் 10.8 கிலோமீற்றர் ஓடினால்தான் போத்தல் காசு கைக்குத் திரும்பும். இலாபம் அதற்குப் பிறகுதான். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடினால் ஆறு போத்தல், 7,200 ரூபா. வருடத்துக்கு 86,400 ரூபா. அந்தக் காசில் டீசல் பில்டரையும் எயார் பில்டரையும் நேரத்துக்கு மாற்றி, நொசலைப் பரிசோதித்த பிறகும் மிச்சம் இருக்கும்.

"ஊற்றிப் பார்த்தேன், கூட ஓடியது" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எப்படி அளந்தீர்கள்? தம்பபவனியின் 30 காற்றாலைகள் சுழலும் தீவு இது. கச்சான் காற்றுக் காலத்தில் போகும்போது ஒரு கணக்கு, வரும்போது இன்னொரு கணக்கு. ஏற்றிய பாரமும் டயர் காற்றும் தினமும் ஒன்றல்ல. ஒரு பயணத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. தாங்கியை வாய் வரை நிரப்பி, ஓடி, மீண்டும் அதே செட்டில் வாய் வரை நிரப்பி எழுதி வாருங்கள். போத்தல் இல்லாமல் ஐந்து தாங்கி, போத்தலோடு ஐந்து தாங்கி. கடைக் கணக்கு எழுதும் நமக்கு இது பெரிய வேலை அல்ல.

அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம், எரிபொருளை மிச்சம் பிடிக்கும் என்று விற்கப்பட்ட 100க்கும் மேற்பட்ட சாதனங்களைப் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவற்றில் சிறிதளவு பயன் தெரிந்தது. மற்றவற்றில் சொல்லத்தக்க பயன் இல்லை. அந்த முகவரகத்தில் பதிவு செய்யப்பட்டது என்று சில சேர்மானப் போத்தல்களில் அச்சிட்டிருக்கும். பதிவு என்பது அனுமதி மட்டுமே, தரத்துக்கான நற்சாட்சிப் பத்திரம் அல்ல.

புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் போத்தல் வாங்க வருபவர்களும் இருக்கிறார்கள். கறுப்புப் புகைக்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட எயார் பில்டர், ஒழுகும் நொசல், அல்லது அளவுக்கு மேல் திறந்து வைத்த பம்ப். அவற்றைச் சரி செய்யாமல் அந்த ஒரு நாளை மட்டும் கடத்தினால், மறுநாளிலிருந்து வீணாக எரிவது உங்கள் டீசல்தான்.

ஆகவே எனது யோசனை இது. சனம் கூடிய செட்டில், டீசல் தேங்கிக் கிடக்காத இடத்தில் நிரப்புங்கள். பவுசர் இறக்கும் நேரத்தில் நிரப்பாதீர்கள். அடியில் உள்ள வண்டல் அப்போது கலங்கும். பெரலில் சேர்க்காதீர்கள். இரவில் வாகனத்தை நிறுத்தும்போது தாங்கி நிறைந்திருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை பில்டர் நீரைத் திறந்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் டீசல் எடுத்து இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் கோடு விழுந்தால் அது நீர். கொமன் ரெயில் வாகனம் வைத்திருப்பவர்கள் போத்தல் காசையும் சுப்பர் டீசலுக்கான விலை வித்தியாசத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் சேர்மானம் வேண்டுமென்றால், நோயைச் சொல்லி அந்த நோய்க்கான ஒன்றை மட்டும், வாகனத்தின் கைநூல் அனுமதித்தால் மட்டும் வாங்குங்கள். பல்வேறு போத்தல்களை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

கடைசியாக, என்னைப் போல் இவற்றை விற்கும் சகோதர வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தரப்பட்ட வியாபார ஒழுங்கு. என்ன செய்யும் என்று எனக்கே தெரியாத ஒன்றை, நல்லது என்று சொல்லி நான் விற்றிருக்கிறேன். எனது வண்டி முருங்கனில் நின்றது எனக்குத் தெரியும். நான் விற்ற போத்தலால் யாருடைய வண்டி எங்கே நின்றதோ, தெரியாது. பனிமலைப் போத்தலையும் நீரைக் கலக்கும் வகையையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். நொசல் கழுவும் ஒரு வகையை மட்டும் வைத்திருக்கிறேன். அதைக் கேட்டு வருபவரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பில்டரை எப்போது கடைசியாக மாற்றினீர்கள்?" பாதிப் பேர் போத்தல் வாங்காமல் பில்டர் வாங்கிப் போகிறார்கள். அதில் எனக்கு இலாபம் குறைவுதான். ஆனால் அவர்கள் மறுபடியும் எனது கடைக்கே வருகிறார்கள்.