மானம் பார்த்தால் உயிர் போகும்

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து, மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இதை எழுதாவிட்டால் மனம் ஆறாது.

என்னோடு வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் தாராவி 90 அடி சாலைப் பக்கம் குடியிருந்தார். ஒரு நாள் இரவு திடீரென்று இரத்த வாந்தி எடுத்தார். இரண்டு நாள் முன்பே மலம் தார் போலக் கறுத்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. மதினி எனக்குப் போன் செய்தார்கள். "அல்சராக இருக்கும், மோர் கொடுங்க, காலையில பாக்கலாம்" என்றேன். அவருடைய குடிப்பழக்கம் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று அவர்களும் விடியும்வரை காத்திருந்தார்கள். காலையில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் இரண்டு மணி நேரம் வீணானது. அங்கே எண்டோஸ்கோப்பி வசதி கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் சயான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. நான் சொன்ன அந்த மோர் இன்றும் என் தொண்டையில் நிற்கிறது.

பிறகுதான் விஷயத்தைக் கேட்டும் படித்தும் அறிந்தேன். குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போகிறது. கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் அந்தப் பாதை அடைபடுகிறது. சிரோசிஸ் என்பது இதுதான். மெயின் லைன் அடைபட்டால் வண்டியை லூப் லைனில் திருப்புவது போல, இரத்தம் உணவுக்குழாயின் மெல்லிய நாளங்களுக்குத் திரும்புகிறது. அவ்வளவு பளுவை அந்த நாளங்கள் தாங்குமா? புடைத்து, ஒரு நாள் வெடிக்கின்றன.

ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தால் அந்த அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்து, தேவையான அளவு இரத்தம் ஏற்றுகிறார்கள். 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப் குழாயை விட்டு, புடைத்த நாளத்தை ரப்பர் வளையத்தால் கட்டுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால், 1950-இல் செங்ஸ்டேக்கனும் பிளேக்மோரும் அறிமுகம் செய்த பலூன் குழாயால் தற்காலிகமாக அழுத்திப் பிடிக்கிறார்கள். இத்தனை செய்தும் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஆறு வாரத்துக்குள் இறந்துபோகிறார். அப்படியிருக்க, நாம் வீட்டில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருக்கலாமா?

இதைக் குடிகாரன் வியாதி என்று ஒதுக்குவதும் தவறு. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும், சர்க்கரை வியாதியோடு வரும் கொழுப்புக் கல்லீரலாலும், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவருக்கும் இது வருகிறது.

ஆகவே, இரத்த வாந்தி கண்டால் நோயாளியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர்கூட வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட்டு, எண்டோஸ்கோப்பி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிரோசிஸ் என்று தெரிந்தவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள்; வெடிக்காமல் காக்க மாத்திரைகள் உண்டு.

நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறது. அதோடு கல்லீரல் பரிசோதனை முகாம் ஒன்றும் நடத்தினால் என்ன? முதல் ஆளாக நான் வந்து கையை நீட்டுகிறேன்.