தலைகீழாய் வளரும் மரம்

வேர் மேலும் கிளை கீழுமாக நிற்கும் அரசமரம் ஒன்றைப் பற்றிப் பகவத்கீதையின் 15ஆம் அத்தியாயம் பேசுகின்றது. கணினித் திரையின் இடப்புறத்திலும் அத்தகைய மரமொன்று நிற்கின்றது. வன்தட்டு அதன் வேர்; கோப்புறைகள் கிளைகள்; நாம் எழுதிய கடிதமும் எடுத்த படமும் இலைகள். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றின் பிரதிகளை இன்று பல குடும்பத்தார் இம்மரத்திலேயே வைத்திருக்கின்றனர். ஆதலால் இதனைப் படிக்கத் தெரிதல் வீட்டார் அனைவர்க்கும் வேண்டிய அறிவாகும்.

இம்மரம் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்னும் கணினி அமைப்பை வகுத்தோருள் டேலி, நியூமன் என்னும் இருவர், கோப்புகளைக் கிளை கிளையாக அடுக்கும் முறையை 1965ஆம் ஆண்டிலே கட்டுரையாக வெளியிட்டனர். 1983இல் வந்த எம்.எஸ்.டொஸ் 2.0 அம்முறையை ஐ.பி.எம். வகைச் சிறு கணினிகளுக்குக் கொணர்ந்தது. இடப்பக்கம் மரமும் வலப்பக்கம் உள்ளடக்கமுமாகக் காட்டும் எக்ஸ்புளோரர், 1995இல் விண்டோஸ் 95 உடன் வந்தது.

நன்கு அமைந்த செயலி மரம் முழுவதையும் ஒரேயடியாக வாசிப்பதில்லை. ஆயிரக்கணக்கான கோப்புறைகளை வாசிக்கப் புகுந்தால் திரை அசைவற்று நின்றுவிடும். ஆகவே முதல்நிலைக் கிளைகளை மட்டும் காட்டி, உள்ளே மேலும் கிளையுண்டு என்பதற்குச் சிறு குறியொன்றை அருகில் இடும். நாம் அக்குறியை அழுத்திய பின்னரே அடுத்த நிலை வாசிக்கப்படும். எனவே, திரையிற் காணாத கோப்பு தொலைந்துவிட்டது என்று உடனே முடிவு செய்தல் ஆகாது.

மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும். மேசைத்திரையிற் காணும் சின்னங்களுட் சில கோப்புகளே அல்ல. கோப்பு உள்ள இடத்தைச் சுட்டும் கைகாட்டிகள். மூலையில் வளைந்த அம்புக்குறி இருக்கும். அதனைப் பென் டிரைவில் பிரதிசெய்துகொண்டு நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞன், முகவரியை மட்டும் எடுத்துச் சென்றவனாவான். சான்றிதழ் வீட்டிலேயே கிடக்கும்.

இரண்டாவது, இழுத்து விடுதல். விண்டோஸில் ஒரே தட்டுக்குள் இழுத்தால் கோப்பு இடம் மாறும். வேறு தட்டுக்கு இழுத்தால் பிரதி உண்டாகும். கைதவறி மறைந்த கோப்புறையை அயற்கிளையுள் தேடுக. ஆனால் ஒரு கிளையை அழித்தால் அதன் இலைகள் யாவும் உடன் அழியும்.

மூன்றாவது, விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் ஈற்றை மறைத்துக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ என்னும் புழு, ‘டிஎக்ஸ்டி’, ‘விபிஎஸ்’ என இரட்டை ஈறு கொண்டு மின்னஞ்சலில் வந்தது. பின்னீறு மறைந்தமையால் அதனை வெறுங் கடிதமென்று எண்ணிப் பலர் திறந்தனர்.

தேடற்பெட்டி இருக்க மரம் எதற்கு என்று இளைஞர் வினவுவர். தேடுவதற்குப் பெயராவது உட்பொருளாவது நினைவில் இருத்தல் வேண்டும். தந்தையார் இட்ட பெயரை, அவர் மறைந்தபின் மகன் எங்ஙனம் அறிவான்? கிளைகள் ஒழுங்காக இருப்பின், பெயரறியாத கோப்பையும் படிப்படியாகச் சென்று கண்டுகொள்ளலாம்.

ஆகவே ஆள், பொருள், ஆண்டு என மூன்று நிலைகளில் கிளை வகுத்துக்கொள்ளுங்கள். வெளித்தட்டொன்றிற் பிரதியும் எடுத்து வையுங்கள். அதன்பின், வீட்டில் இன்னொருவரை அருகில் இருத்தி, எது எங்கே உள்ளது என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.