காது கெட்டதற்கு யார் ஆதாரம் காட்ட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அபிராமபுரத்தில் நாங்கள் சிலர் மனு எழுதிக் கொடுக்க உட்காருகிறோம். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, வீட்டு ஒதுக்கீடு என்றுதான் பெரும்பாலும் வருவார்கள். சென்ற மாதம், பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வந்தார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கவே இல்லை. "ராத்திரியில சில்வண்டு கத்துற மாதிரி காதுக்குள்ள ஒரே சத்தம் தம்பி. நல்லா தூங்கி வருசக்கணக்காச்சு" என்றார்.

அவர் கையில் இருந்த கடிதம் ஊன ஓய்வூதியத்தை மறுத்திருந்தது. காரணம் ஒரே வரி: இக்குறைபாடு ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல.

அப்படியானால் எதனால் வந்தது? கடிதம் சொல்லவில்லை.

காதைச் சோதிக்காமல் ராணுவம் யாரையும் சேர்ப்பதில்லை. சுமார் ஆறு மீட்டர் தள்ளி நின்று ஒருவர் கிசுகிசுப்பதை ஒவ்வொரு காதாலும் கேட்டாக வேண்டும். வீரரின் உடற்தகுதியைக் குறிக்கும் 'ஷேப்' என்ற ஐந்தெழுத்துக் குறியீட்டில் இரண்டாம் எழுத்தே செவித்திறனுக்கானது. நல்ல காது என்று அவர்களே எழுதி எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் காதுக்குப் பக்கத்தில் பீரங்கி முழங்கியது. பேரொலியில் உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை. நல்ல காதோடு போனவர் கெட்ட காதோடு திரும்பினால், விளக்கம் சொல்ல வேண்டியவர் யார்?

உச்ச நீதிமன்றம் இதற்கு 2013-இலேயே பதில் சொல்லிவிட்டது. தரம்வீர் சிங் வழக்கில் வந்த தீர்ப்பின் சாரம் எளிது. பணியில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், வீரர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் வீரருக்கே. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவரிக் கடிதங்கள் வருகின்றன என்றால், அதை வெறும் கவனக்குறைவு என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது. ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கேட்கும் திறன் குறைந்ததைக் கருவியால் அளக்கலாம். காதிரைச்சலை அப்படி அளக்கக் கருவி இல்லை. அனுபவிப்பவர் சொன்னால்தான் உண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு மிக அதிகமாக அங்கீகரிக்கப்படும் பணிசார்ந்த ஊனம் இந்தக் காதிரைச்சல்தான். அங்கே வீரரின் வாக்குமூலமும் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதற்கென்றே 10 சதவீதம் தருகிறார்கள். இங்கே நம் ஹவில்தாரின் வார்த்தையை யார் நம்புகிறார்கள்?

யாருடைய சொல் சாட்சியாகும், யாருடைய சொல் ஆகாது என்பதுதான் நம் வரலாறு முழுக்க இருக்கும் கேள்வி. மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பாறையை வெடி வைத்துத் தகர்ப்பதும் பாதை போடுவதும் அவர்கள் வேலை. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ஒரு ராணுவச் சுபேதார். ஆயினும் மகர்களைச் சேர்ப்பதைப் பிரிட்டிஷார் 1890-களில் நிறுத்தினார்கள். மகர் படைப்பிரிவு உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உழைப்பு நம்முடையது, பதிவேடு அவர்களுடையது. 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கு இன்றும் நம்மிடம்தான் ஆவணம் கேட்கிறார்கள். காதுக்கும் அதே கதைதான். 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, பணியிலிருந்து வந்து 15 ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் கோரும்போது, கால வரம்பு முடிந்து அவருடைய பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. அழித்தது யார்? நிரூபிக்க வேண்டியது யார்?

ஆகவே நம் வீடுகளில் உள்ள முன்னாள் படைவீரர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். ஓய்வின்போது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்து வையுங்கள். மறுப்புக் கடிதத்தோடு நிற்க வேண்டாம். முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு என்று வழி இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று சொன்னாலும் தயங்காதீர்கள். ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்று 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நிலுவை மட்டும் வழக்குக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்குத்தான் கிடைக்கும். 20 சதவீத ஊனத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவருக்கும் உண்டு என்பது 2014-இன் ராம் அவதார் தீர்ப்பு. புதிய விதிகள் 2023 செப்டம்பரில் வந்தவை. அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களை அவற்றைக் காட்டி யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

அரசிடம் நாங்கள் கேட்பது இரண்டு. காரணம் எழுதாத மறுப்பு செல்லாது என்று ஆணையிடுங்கள். பீரங்கி, வெடிமருந்து, கவச வாகனப் பிரிவுகளில் இருந்தவர்களின் செவிக் குறைபாட்டைப் பணியால் வந்ததாகவே கொள்ளுங்கள். இல்லையென்று சொல்ல விரும்பினால் நீங்கள் நிரூபியுங்கள்.

ஹவில்தாரின் மேல்முறையீட்டை எழுதி முடித்துப் படித்துக் காட்டினோம். கேட்கவில்லை என்று கையை விரித்தார். அவரிடமே தாளைக் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

ஜெய்பீம்.